சுமக்கிறவன் கத்தி

கொலராடோவில் இருக்கும் என் அத்தை மகன் ஒவ்வொரு செப்டம்பரிலும் எல்க் வேட்டைக்குப் போகிறான். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட காரியம். பாடம் படித்து, தேர்வெழுதி, உரிமம் வாங்கி, குறித்த பருவத்தில் குறித்த பகுதியில் மட்டும் செய்ய வேண்டும். எல்க் நம் கடமானுக்கு உறவு, உடம்பில் அதைவிடப் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். சாலையிலிருந்து பல மைல் தள்ளி, 3000 மீட்டர் உயரத்தில் விழுந்த விலங்கை முழுசாகத் தூக்கிவர முடியாது. தோலை உரித்து, கால்களை மூட்டோடு கழற்றி, முதுகுச் சதையை நீளவாக்கில் எடுத்து, துணிப்பைகளில் கட்டி, நடை நடையாக முதுகில் சுமந்து இறங்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் அந்த மாநிலத்தில் குற்றம். அவனுக்கு நம் ஊரில் அடித்த கத்தி ஒன்று வேண்டுமாம். எடை குறைவாக, நாள் முழுக்க இடுப்பில் கிடந்தாலும் தெரியாததாக இருக்க வேண்டும் என்றான்.

அரிவாளுக்குத் திருப்பாச்சி என்று யாரும் சொல்வார்கள். திருப்பாச்சி அரிவாள் வெட்டுவதற்கானது, கனத்தால் வேலை செய்வது. இவன் கேட்டதோ வேறு. அதனால் நான் எதிர்த்திசையில், கொசஸ்தலையாற்றை ஒட்டிப் பூண்டியிலிருந்து கிழக்கே மீஞ்சூர் வந்து, அங்கிருந்து வடக்கே காட்டூர் வழியாகப் பழவேற்காடு வரை போனேன். கத்தியின் எடை குறைந்த கதை இந்தப் பாதையில்தான் கிடக்கிறது என்று முன்பே படித்திருந்தேன். கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை.

பூண்டியில் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. நீர்த்தேக்கம் பார்க்க வருகிறவர்களில் பலர் இதற்குள் நுழைவதே இல்லை. பக்கத்து ஊரான அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தார்கள். 1999 முதல் அங்கே அகழாய்வு செய்த சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர், அடி அடுக்குகளில் கிடைத்த கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011இல் வெளியிட்டார்கள். அதே மண்ணில் விலங்குகளின் குளம்புத் தடங்களும் பற்களின் புதைபடிவங்களும் இருந்தன.

கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கோடரியை நன்றாகப் பாருங்கள். குவார்ட்சைட் கல். இரண்டு பக்கமும் செதுக்கி, ஒரு முனை கூம்பி, மறுமுனை உள்ளங்கையில் உட்காரும்படி தடித்திருக்கும். பிடியில்லை, உறையில்லை. இத்தகைய கருவிகளைப் புதிதாகச் செய்து, இயற்கையாக இறந்த யானையின் உடலை அறுத்துப் பார்த்த ஆய்வாளர்கள் உண்டு. அமெரிக்கரான நிக்கோலஸ் டோத்தும் கேத்தி ஷிக்கும் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. தோலைக் கீறத் தொடங்குவதற்குக் கல்லிலிருந்து தெறித்த மெல்லிய சில்லே போதும். ஆனால் நெடுநேர வேலைக்குக் கை வலிக்காமல் ஈடுகொடுப்பது கனமான கைக்கோடரிதான்.

அப்புறம் நடந்தது என்ன என்பதற்கும் அத்திரம்பாக்கமே சாட்சி. அதே குழு 2018இல் நேச்சர் இதழில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து எழுதியது. சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே பெரிய கைக்கோடரிகள் குறைந்து, சிறிய கருவிகள் பெருகிவிட்டன. கல்லை முதலில் பக்குவமாகச் செதுக்கி வைத்துக்கொண்டு, வேண்டிய வடிவில் ஒரே தட்டில் மெல்லிய சில்லைக் கழற்றும் முறை வந்துவிட்டது. கனத்தை விட்டு இலேசுக்கு வந்தார்கள். நாள் முழுக்க நடந்து திரிந்த மனிதர்கள், கருவியையும் சுமந்து இறைச்சியையும் சுமக்க வேண்டியிருந்தவர்கள், இப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று அமெரிக்க மலைகளில் பரவியிருக்கும் ஹாவலான் வகைக் கத்திகளைப் பார்த்தால் அந்தச் சில்லு நினைவுக்கு வரும். அறுவைச் சிகிச்சைக் கத்தி போன்ற மெல்லிய அலகு. மழுங்கினால் கழற்றிவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். மொத்த எடை நூறு கிராமுக்கும் குறைவு. தோலுரிக்க இதற்கு நிகரில்லை. ஆனால் மூட்டுக்குள் விட்டுத் திருப்பினால் அலகு பட்டென்று ஒடியும். ஒடிந்த துண்டு இறைச்சிக்குள் மறைந்துகொள்ளும். கழற்றிப் போட்ட பழைய அலகுகளையும் பத்திரமாகக் கீழே கொண்டுவர வேண்டும். உயிரைக் கொன்று எடுத்த உணவில் உடைந்த இரும்பு கிடப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இந்த வகை வேண்டாம் என்று அத்தை மகனுக்கு அங்கிருந்தே சொல்லிவிட்டேன்.

மீஞ்சூர் தாண்டி வடக்கே திரும்பியதும் அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கத்து அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் முதுகுப் பக்கம் போய்விடுகின்றன. காட்டூரில் ஏரி, நெல்வயல், பனைமரம். பொங்கல் முடிந்து பல வயல்கள் அறுவடையாகிக் கிடந்தன. தாள் மட்டும் நின்ற ஒரு வயலில் இருளர் குடும்பம் ஒன்று வரப்பை ஒட்டி எலி வளை தோண்டிக்கொண்டிருந்தது. கணவன் கையில் குட்டைக் கடப்பாரை. மனைவி வளையின் மறுவாயில் மண்ணை அடைத்துவிட்டுக் காத்திருந்தார். எலியும் கிடைக்கும், எலி சேர்த்து வைத்த நெற்கதிரும் கிடைக்கும். கடப்பாரையின் ஒரு முனை தட்டையாக அடிக்கப்பட்டிருந்தது. அதுவே தோண்டும், வேர் அறுக்கும், நெம்பும்.

"கத்தி இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"இருக்குது சார்" என்று மடியைத் தொட்டுக் காட்டினார். விரல் நீளத்தில் ஒரு தகடு, துணி சுற்றியது. "எல்லாம் நடக்கறப்போ கூடவே வரணும் இல்ல. இதுக்கு மேல எதுக்கு?"

இருளர்களிடம் வேட்டை என்ற சொல்லைச் சொல்லும்போது 1972ஐ மறக்கக் கூடாது. அந்த ஆண்டு வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தொடக்கத்தில் வேட்டையை முழுதாக நிறுத்தவில்லை. சிறப்பு வேட்டை விலங்கு, பெரிய வேட்டை விலங்கு, சிறிய வேட்டை விலங்கு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம் வைத்திருந்தது. கடமானும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் பெரிய வேட்டை விலங்குப் பட்டியலில் இருந்தன. 1991இல் வந்த திருத்தம்தான் அந்த உரிமங்களை அடியோடு எடுத்தது. துப்பாக்கியும் ஜீப்பும் வைத்திருந்தவர்களுக்கு அது பொழுதுபோக்கின் முடிவு. பாம்புத்தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர்களுக்கோ, அந்த வணிகம் தடைப்பட்டதால், எழுபதுகளிலேயே அடுப்பு அணைந்துவிட்டது. 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் வந்து, தோலுக்குப் பதில் நஞ்சை எடுத்துப் பாம்பை மறுபடி காட்டில் விடும் தொழிலாக அவர்கள் அறிவு மாறியது. 2023இல் இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ வாங்கியது அந்த அறிவுக்காகத்தான். இந்தியாவில் பெரிய விலங்கு வேட்டை இன்று கிடையாது, கிடையாது என்பதில் எனக்கு நிறைவு. இறைச்சிக்காக, சட்டப்படி, சுமந்து தின்பதற்காக வேட்டையாடும் ஊர்களை நான் பழிக்கவும் மாட்டேன்.

காட்டூரிலிருந்து பழவேற்காடு அதிக தூரமில்லை. சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஆந்திரப் பக்கம் பெரும்பகுதி, நம் பக்கம் தெற்கு ஓரம். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மேட்டில் இப்போது முள்மரங்கள். அந்தக் காலத்தில் இங்கே வெடிமருந்து ஆலை நடந்தது. கப்பல் கப்பலாக வெளியே போனது. நான் தேடியது கோட்டைக்கும் டச்சுக்காரர் கல்லறைக்கும் அப்பால், படகுத்துறையில் இருந்தது.

துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் ஃபைபர் படகில், இன்ஜின் பக்கம், ஒரு கத்தி கயிற்றில் தொங்கியது. ஆக்சா பிளேடு. இரும்பறுக்கும் ரம்பத் தகட்டைப் பாதியாக ஒடித்து, பல்லைச் சாணைச் சக்கரத்தில் தேய்த்துவிட்டு, மறுபக்கம் கூர் எடுத்திருந்தார். பிடிக்கு சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கச் சுற்றி, மேலே ஆரஞ்சு நிற நைலான் நூலால் கட்டியிருந்தார். பிடியின் கடைசியில் ஒரு வளையம்; அதில்தான் கயிறு. கையில் வாங்கினால் வாங்கியது போலவே இல்லை. மீன் ஏலக்கூடத்து எலக்ட்ரானிக் தராசில் வைத்துப் பார்த்தேன். முப்பது கிராம்.

"தொழிலுக்குப் போறப்போ இது மட்டும்தானா ஐயா?"

"வேற எதுக்குத் தம்பி? வல காத்தாடியில சுத்திக்கினா அறுக்கணும். கெளுத்தி மாட்னா முள்ள ஒடைக்கணும், இல்லாட்டி கைய வீங்க வெச்சிரும். நங்கூரக் கயிறு மாட்டிக்கினா அறுத்து வுடணும். எல்லாம் அவசரத்துல செய்யற வேல. இடுப்புல கனமா ஒண்ணக் கட்டிக்கினு தண்ணில எறங்க முடியுமா?"

அந்தக் கயிறு எதற்கென்று கேட்டேன். கடலில் கை நழுவினால் கத்தி போனது போனதுதான். ஆரஞ்சு நூல்? இருட்டில் விளக்கடித்தால் கண்ணில் படும். மலைக்காட்டு வேட்டைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள். அந்தி நேரத்தில், புல்லிலும் இரத்தத்திலும் கிடக்கும் கத்தியைத் தேடி மணிக்கணக்காகத் தடவியவர்கள் பிறகு பளிச்சென்ற நிறப் பிடியைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை.

சனவரியிலிருந்து மார்ச் வரை சித்தாமைகள் முட்டையிடக் கரைக்கு வரும் பருவம். வலையில் ஆமை சிக்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரியவர் ஒரு கிழிந்த வலைத்துண்டைத் தன் இடது முன்கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். கத்தியின் முதுகைத் தோலோடு ஒட்டிப் படுக்க வைத்து, கண்ணிக்கு அடியில் நுழைத்து, வாய் வெளியே பார்க்கத் தூக்கினார். நூல் ஒவ்வொன்றாக அறுந்து விழுந்தது. கையில் ஒரு கோடுகூட இல்லை. "வெளியிலேந்து உள்ள அறுக்கக் கூடாது தம்பி. உள்ளேந்து வெளிய அறுக்கணும். உயிரு இருக்குதுல்ல."

பெரிய விலங்கின் தோலை உரிக்கும் கலையில் முதல் பாடமும் இதுவே. வெளியிலிருந்து அறுத்தால் மண் ஒட்டிய மயிரைத்தான் கத்தி அறுக்கும், சீக்கிரம் மழுங்கும், அறுந்த மயிர் இறைச்சியில் ஒட்டும். சிறு துளை போட்டு, அலகைத் தோலுக்கடியில் விட்டு, வாயை மேல்நோக்கி வைத்து உள்ளிருந்து கீறிக்கொண்டு போக வேண்டும். இதற்கு அலகு மெல்லியதாக, குறுகியதாக, நுனி கொஞ்சம் தாழ்ந்ததாக இருந்தால்தான் குடலையும் சதையையும் குத்தாமல் போகும். தோல் சீக்கிரம் கழன்றால்தான் உடல் சூடு தணியும். தணியாவிட்டால் எலும்பை ஒட்டிய சதை கெட்டுவிடும். செப்டம்பர் வெயிலில் அது சில மணி நேரக் கணக்கு.

எல்க் எத்தனை கிலோ இருக்கும் என்று பெரியவர் கேட்டார். சொன்னேன். அதில் கறி மட்டும்? நல்ல ஆணாக இருந்தால் எலும்பு நீக்கி நூறு கிலோ அளவுக்கு வரும் என்றேன்.

"நூறு கிலோவ முதுவுல தூக்கப் போறவன் கத்தியில நூறு கிராம் கொறைக்கச் சொல்றானா?"

நியாயமான கேள்வி. அவருக்கு அப்போது நான் சொன்ன பதிலைவிட, அடுத்து மீன் வெட்டும் இடத்தில் பார்த்தது சரியான பதில். ஓர் அக்கா அரிவாள்மனையைக் காலால் அழுத்திக்கொண்டு கொடுவா மீனை ஆய்ந்துகொண்டிருந்தார். பெரிய மீன், தடித்த செதில். தலையை எடுக்கும்போது ஓங்கி அடிக்கவில்லை. செவுளுக்குப் பின்னால் கட்டை விரலால் தடவி, முள்ளெலும்பின் இரண்டு கணுக்களுக்கு நடுவே ஓரிடத்தைக் கண்டுபிடித்து, மீனை அலகின் மேல் அந்த இடத்தில் சாய்த்தார். சத்தமே இல்லாமல் தலை வந்துவிட்டது. பக்கத்தில் புதிதாக வேலைக்கு வந்த பையன் அதே அளவு மீனைக் கட்டைமேல் வைத்துக் கனமான கத்தியால் ஓங்கிக் கொத்திக்கொண்டிருந்தான். எலும்புச் சில்லு எங்கும் தெறித்தது.

எடை குறைவது அங்கேதான். எல்க்கை அறுத்துப் பிரிக்கப் போகிறவன் எலும்பை வெட்ட நினைத்தால் கோடரி வேண்டும், ரம்பம் வேண்டும், பெரிய கத்தியும் வேண்டும். எல்லாமாகச் சேர்ந்து இரண்டு மூன்று கிலோ ஆகிவிடும். மூட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்தவனுக்கு நான்கு விரற்கடை அலகு போதும். எல்க்கின் முன்னங்காலுக்கு உடலோடு எலும்புத் தொடர்பே கிடையாது. சதையை மட்டும் அறுத்தால் தோளோடு வந்துவிடும். பின்னங்காலில் பந்தும் கிண்ணமுமாக ஒரு மூட்டு. அதன் நடுத்தசைநாரை அறுத்தால் கால் தானே சரிந்து கையில் விழும். வயிற்றைத் திறக்காமலேயே நான்கு கால்களையும் முதுகுச் சதையையும் எடுத்துவிடும் முறைதான் இன்று மலைக்காட்டு வேட்டைக்காரர்கள் பலரிடம் வழக்கம். இவ்வளவுக்கும் கோடரி எதற்கு?

கூர் பற்றி இன்னொன்று. பெரியவரின் ஆக்சா பிளேடு தினமும் மழுங்குகிறது, தினமும் உப்புக்காற்றில் துருவும் ஏறுகிறது. துறைப்படியின் கருங்கல் விளிம்பில் நாலு இழுப்பு இழுத்தால் திரும்பவும் வேலைக்குத் தயார். இப்போது வரும் விலையுயர்ந்த எஃகுகள், 2021இல் வந்த மேக்னாகட் போன்றவை, கூர்மையை நெடுநேரம் பிடித்து வைக்கும், எளிதில் துருவும் ஏறாது. நல்ல எஃகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாதி வேலையில் அது மழுங்கினால் சாதாரணக் கல்லில் எளிதில் கூர் ஏறாது. வைரத்தூள் பதித்த தகடு இருந்தால் நல்லது. 1991இல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5300 ஆண்டுகளுக்கு முந்தைய ஓட்ஸி என்ற மனிதனிடம் சாம்பல்மரப் பிடி போட்ட சின்னக் கல்கத்தியும் அதற்கு மரநாரில் பின்னிய உறையும் இருந்தன. கூடவே கத்தியைக் கூர்தீட்ட மானின் கொம்பு செருகிய ஒரு கோலும். அவன் வயிற்றில் மலையாட்டுக் கறியும் மான் கறியும் இருந்தன. மலையில் தனியாக நடந்தவன் கத்தியோடு அதைச் சீர் செய்யும் கருவியையும் சேர்த்துத்தான் எடை பார்த்திருக்கிறான்.

ஆக, நான் கேட்க வேண்டியது இப்போது தெளிவாக இருந்தது. ஆக்சா பிளேடே வேண்டாம். வலைக்கு அருமை, எல்க் மூட்டுக்கு வளையும் அல்லது ஒடியும். மடக்குக் கத்தியும் வேண்டாம். கீலுக்குள் கொழுப்பும் மயிரும் போனால் மலைமேல் சுத்தம் செய்ய முடியாது, ஈரக்கையில் பூட்டு விட்டுப்போனால் விரல் போகும். ஒரே இரும்பில் அலகும் பிடியும் வர வேண்டும்.

பொன்னேரிப் பக்கம் ஒரு கொல்லுப்பட்டறை. லாரியின் கமான் பட்டை மூலையில் அடுக்கிக் கிடந்தது. சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த அந்த எஃகு அதிர்ச்சி தாங்குவதற்கென்றே செய்தது. சாதாரணக் கல்லில் கூர் ஏறும். துரு பிடிக்கும், ஆனால் கொலராடோவின் உலர்ந்த காற்றில் எண்ணெய் தடவிய துணி போதும். அலகு நான்கு விரற்கடை, முதுகு மூன்று மில்லிமீட்டர், பிடி இரும்பில் இரண்டு மூன்று துளை போட்டு எடை குறைக்க வேண்டும், மரப்பிடி வேண்டாம், ஆரஞ்சு நைலான் கயிறு சுற்றிக்கொள்கிறோம் என்று காகிதத்தில் வரைந்து காட்டினேன். அலகு ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ போனால்தான் ஆயுதச் சட்டக் கவலை. இது அதில் பாதிகூட இல்லை. விமானத்தில் சரக்குப் பெட்டிக்குள் போட்டு அனுப்பலாம்.

ஆசாரி காகிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். தோய்ச்சலுக்குப் பிறகு அலகின் வாய் வைக்கோல் மஞ்சளில் நிற்க வேண்டும், முதுகு இன்னும் கொஞ்சம் சூடு வாங்கி நீலம் பாய வேண்டும், அப்போதுதான் வாய் கடினமாகவும் முதுகு ஒடியாமலும் இருக்கும் என்றார். வாய்க்கும் முதுகுக்கும் வேறு வேறு பதம். அரிவாளுக்கும் இப்படித்தான் செய்வாராம், சின்னக் கத்தியில் கை பழக நேரமாகும் என்பதால் யாரும் கேட்பதில்லை.

"நூறு கிராமுக்குள்ள வருமா?"

"வரும் சார். முதுகை இன்னும் இழைச்சா எம்பதுக்கே வரும். ஆனா நான் இழைக்க மாட்டேன். மூட்டுக்குள்ள வுட்டுத் திருகுறவரா அவரு?"

மூட்டைத் தேடி அறுக்கிறவன்தான் என்றேன்.

"முதல்ல கேட்டுச் சொல்லுங்க. அப்புறமா அடுப்பைப் போடறேன்."

அங்கிருந்தே அவனுக்குச் செய்தி அனுப்பினேன். கொலராடோவில் அப்போது நள்ளிரவு.